சம்பந்தியின் நாக்கு

நெல்லையப்பனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவர் என் பாட்டிலை மோந்துகொண்டிருந்தார்.

இதே வண்டிதான் தம்பி. இதே நாகர்கோவில் வண்டி. கோயமுத்தூர் ஸ்டேஷனில் அவரை ஏற்றி உட்கார வைத்து, பாட்டிலைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கி ஜன்னலுக்கு வந்தேன். அவர் மூடியைத் திருகினார். மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடினார். பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையன் மாதிரி நான் பிளாட்பாரத்தில் நின்றேன். அவர் நிதானமாக மூடியைத் திரும்பப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"பத்திரமாப் போய்ச் சேரும் அண்ணாச்சி. எறும்புகூட வராது."

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். வண்டி நகர்ந்துவிட்டது. கையை ஆட்டிக்கொண்டே போனார். நாலாம் நாள் காலையில் போன் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாராம். ஆக, கடைசி வார்த்தை அவருடையதாகிவிட்டது. எனக்கு அதுதான் ஆறவில்லை. மனிதர் சாகலாம், வயசாகிவிட்டது, பிரஷர் மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டுச் சாகலாமா?

அந்தப் பையைச் சாய்க்காமல் வைத்துக்கொள்ளுங்கள், புண்ணியமாகப் போகும். ஆமாம், நீங்கள் கேட்ட வாசனை அதிலிருந்துதான் வருகிறது. கறிவேப்பிலை, மிளகு, வறுத்த நிலக்கடலை. கடலை வெண்ணெய். கடையில் பீனட் பட்டர் என்று விற்கிறார்களே, அதுதான், ஆனால் அது இல்லை. இது நான் வீட்டில் செய்தது. நாளைக்குக் கோவில்பட்டியில் அவருக்குப் பதினாறாம் நாள். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படைப்பார்கள் இல்லையா, அந்த இலையில் இதையும் வைக்கப் போகிறேன். அவருக்குப் பிடிக்குமா என்று கேட்காதீர்கள். உயிரோடு இருந்தவரை இதை ஒரு விரல்நுனிகூட நக்கிப் பார்க்க மாட்டேன் என்று இருந்த ஆள். நாளைக்கு வேறு வழியில்லை. இலையில் வைத்துவிட்டால் சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும். அப்புறம் படத்துக்கு முன்னால் எல்லாரையும் வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தைப் போட்டு உடைக்கப் போகிறேன். அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன். இன்னும் திண்டுக்கல்லே வரவில்லை, நேரம் இருக்கிறது.

நெல்லையப்பன் என் சம்பந்தி. என் மகன் சிவராஜின் மாமனார். மருமகள் கோமதிக்கு அப்பா. என் பெயர் தெய்வசிகாமணி. பீளமேட்டுப் பக்கம் ஒரு கிரைண்டர் கம்பெனியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் வீட்டுக்காரி சாவித்திரி போனபிறகு மகனோடு வந்து அபார்ட்மெண்டில் இருக்கிறேன். அப்புறம் கோமதியின் அம்மாவும் போய்விட்டார். நெல்லையப்பன் பத்து நாள் மகளோடு இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தார். அவர் கொண்டுவந்த பெட்டியைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம்தான். பத்து நாளைக்கு எதற்குக் கம்பளி? நினைத்தபடியே ஆயிற்று. ஆடிக்கு வந்தவர் தை வரைக்கும் கிளம்பவில்லை.

பிள்ளைகள் இரண்டு பேரும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் வரைக்கும் வீட்டில் நானும் அவரும்தான். ஒரு டிவி, ஒரு பேப்பர், இரண்டு கிழவர்கள். பேப்பரில் குறுக்கெழுத்து வரும். நான் எழுந்து பல் தேய்ப்பதற்குள் அதைப் பேனாவால் போட்டு முடித்திருப்பார். பென்சில்கூட இல்லை, பேனா. பாதி தப்பாக இருக்கும்.

கடலை வெண்ணெய் எப்படி வந்தது என்றால், என் மகன் உடம்பைக் குறைக்க ஜிம்முக்குப் போக ஆரம்பித்தான். அங்கே ஒருவன் பீனட் பட்டர் சாப்பிடச் சொல்லியிருக்கிறான். பாட்டில் பாட்டிலாக வாங்கி வந்தான். நான் ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தேன். சர்க்கரையும் ஏதோ எண்ணெயும்தான் தெரிந்தது. கடலை இருந்ததற்கு அடையாளம் இல்லை. இதற்கு எதற்குக் கடை, வீட்டிலேயே கிரைண்டர் இருக்கிறது, நான் ஆட்டித் தருகிறேன் என்று சொன்னேன். சொன்னது மகனிடம். பதில் சொன்னது சம்பந்தி.

"கடலைன்னா எங்க ஊருல்லா அண்ணாச்சி. நான் சொல்லுதேன், நீங்க செய்ங்க."

கோவில்பட்டி கடலை மிட்டாய் உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டுக்கே தெரியும். ஆனால் நெல்லையப்பன் கடலை மிட்டாய் செய்தவர் இல்லை, விற்றவர் இல்லை, அந்தக் கடை எதற்கும் கணக்கு எழுதியவர்கூட இல்லை. தபால் ஆபீசில் முத்திரை குத்தினார். அந்த ஊரில் பிறந்தார், அவ்வளவுதான். ஆனால் கடலை என்று வந்துவிட்டால், இந்த நாட்டில் விளைகிற கடலை முழுவதையும் அவர்தான் பெற்று வளர்த்த மாதிரி பேசுவார். மணலில் வறுத்தால்தான் ருசி என்று சொல்லி, பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டு வாசலில் போய் ஒரு பை மணல் அள்ளி வந்தார். அதைச் சலித்தாராம். என் கிரைண்டருக்குள் போனபிறகுதான் சலித்த லட்சணம் தெரிந்தது. கல் கத்திய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

தொலியை ஊதுவதற்கு பால்கனிக்குப் போவோம். முறத்தில் போட்டு அவர் புடைப்பார். நான் காற்றுப் பார்த்து நில்லுங்கள் என்பேன். கேட்க மாட்டார். தொலி முழுவதும் கீழ்வீட்டு லில்லி டீச்சர் காயப்போட்ட வெள்ளைச் சேலையில் போய் உட்கார்ந்தது. டீச்சர் மேலே வந்து கதவைத் தட்டியபோது நெல்லையப்பன் முறத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் டிவி பார்க்க உட்கார்ந்துவிட்டார். டீச்சர் இன்றுவரை என்னைத்தான் முறைக்கிறார்.

இதெல்லாம் சின்ன விஷயம். நான் சொல்ல வந்தது தண்ணீர் விஷயம்.

கடலையை ஆட்டும்போது முதலில் ரவை மாதிரி வரும். அப்புறம் மாவு மாதிரி வரும். அதற்கப்புறம் ஒரு கட்டம் இருக்கிறது. உருண்டு திரண்டு கல்லில் அப்பிக்கொண்டு, சுற்றவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று நிற்கும். பார்க்கிறவனுக்குப் போச்சுடா என்று தோன்றும். அந்த இடத்தில் எதுவும் செய்யக்கூடாது தம்பி. ஓரத்தை வழித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். கல் சூடேறும், கடலை தன்னுடைய எண்ணெயைத் தானே விடும், திடீரென்று இளகி, தேன் மாதிரி ஓட ஆரம்பிக்கும். பொறுமைதான் அதில் மொத்த வித்தையும். அதுவும் நான் முதல் தடவை ஆட்டி முழுசாகக் கெடுத்தபிறகு கற்றுக்கொண்டதுதான்.

அன்றைக்கு அந்தக் கட்டம் வந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நெல்லையப்பன். பேசிக்கொண்டே இருந்தவர், பேச்சு நிற்காமலேயே, குழாயடியில் இருந்த கிண்ணத்தை எடுத்து, விரலை நனைத்து, சள் சள் என்று தண்ணீர் தெளித்துவிட்டார். இட்லி மாவுக்குத் தெளிக்கிற மாதிரி. நான் கத்துவதற்குள் இன்னொரு கை. அப்படியே இறுகிப்போயிற்று. சுவரில் பூசலாம், அந்தப் பதம்.

அவர் வீட்டம்மாள் கடைசி வருஷங்களில் படுக்கையில் இருந்தார்களாம். இட்லியைத் தவிர எதுவும் இறங்காதாம். தினம் மாவு ஆட்டினது இவர்தான். அந்தக் கை. கல் சுற்றினால் தண்ணீர் தெளிக்கும். இது எனக்குக் கோமதி பிறகு சொன்னது. அன்றைக்குத் தெரிந்திருந்தாலும் நான் திட்டத்தான் திட்டியிருப்பேன்.

"ஏனுங்க சம்பந்தி, இதென்ன உளுந்தா? மண்ணாக்கீட்டீங்களே," என்றேன்.

அவர் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மண்ணை அப்படியே வழித்தார். பூண்டு நாலு பல், வறுத்த வத்தல், கொஞ்சம் புளி வைத்து ஒரு சுற்று ஆட்டினார். துவையல் என்று சொல்லி ராத்திரிச் சாப்பாட்டில் வைத்தார். கோமதி சூடான சோற்றில் போட்டுப் பிசைந்து, தட்டை வழித்து, விரலைச் சூப்பினாள். என் மகன் போனைக் கீழே வைத்தான். அவன் போனைக் கீழே வைத்து நான் பார்த்ததே இல்லை. "இது எப்படிப்பா செஞ்சே?" என்று கோமதி கேட்டாள். அதற்கு இவர் என்ன சொன்னார் தெரியுமா? இது எங்க ஊர்ப் பக்குவம் என்றார். என் கடலை, என் கிரைண்டர், என் கரண்டு, இவர் செய்தது ஒரு தப்பு, அது ஊர்ப் பக்குவமாகிவிட்டது.

அன்றைக்கு நான் சொன்னேன், இனிமேல் நீங்கள் செய்ததை நான் வாயில் வைக்க மாட்டேன் என்று. சரி, நானும் உங்கள் கடலைப் பசையைத் தொட மாட்டேன் என்றார். பசை. அப்படித்தான் சொன்னார்.

அதிலிருந்து சமையல்கட்டு இரண்டாகிவிட்டது. காலையில் கிரைண்டர் எனக்கு, மத்தியானம் அவருக்கு. நான் சுக்கும் கருப்பட்டியும் போட்டு ஒன்று செய்வேன். அவர் பொரிகடலைத் தூளும் பூண்டும் போட்டு ஒன்று செய்வார். நான் ஏலக்காயும் முந்திரியும் சேர்த்தால், அவர் எள் வறுத்துச் சேர்ப்பார். தண்ணீர் தெளிக்கிற புத்தியை மட்டும் விட்டுவிட்டார். ஆட்டும்போது வலதுகையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பார், போலீஸ்காரர் மாதிரி. நான் பார்த்துவிட்டுச் சிரிப்பேன். அவர் என் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு ஒரு தீர்ப்பு சொல்வார். ருசிக்க மாட்டார், மோந்து மட்டும் பார்ப்பார். ஒரு நாள், "ஆஸ்பத்திரி வாசனை வருதே அண்ணாச்சி" என்பார். இன்னொரு நாள் மோந்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் மூடி வைப்பார். அது இன்னும் மோசம்.

உங்களுக்கு இது சின்னப்பிள்ளைச் சண்டையாகத் தெரியலாம். எனக்கு அப்படியில்லை. சாவித்திரி இருந்தவரை நான் சமையல்கட்டில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட மொண்டதில்லை. அவள் விடவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. நான் கையால் செய்து இன்னொருத்தர் வாயில் போட்ட முதல் பண்டம் இந்தக் கடலை வெண்ணெய்தான். அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டாமா? மகன் எதை வைத்தாலும் சாப்பிடுவான். கோமதி நல்ல பெண், அதனால் அவள் சொல்வதை நம்ப முடியாது. அவளுக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். உள்ளதைச் சொல்கிற ஒரே நாக்கு அந்த வீட்டில் நெல்லையப்பனுடையது. அந்த மனிதரிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான். அந்த நாக்கிலிருந்து ஒரு தடவை நன்றாக இருக்கிறது என்று வரவேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோமதி பஞ்சாயத்துப் பேசினாள். "மாமா, அப்பா, ரெண்டு பேரும் ஒரே மாதிரி செய்யுங்க. கறிவேப்பிலையும் மிளகும் மட்டும். அப்பத்தான் எது உசத்தின்னு தெரியும்," என்றாள். செய்தோம். ஒரே கடையில் வாங்கின கடலை, ஒரே மாதிரி பாட்டில், மகன் காலி செய்த கடைப் பாட்டில்கள்தான். என்னுடையதுக்குச் சிவப்பு மூடி, அவருடையதுக்கு நீல மூடி. நிறமும் ஒன்றுபோல வந்துவிட்டது, ஒரே பச்சை. கோமதி இரண்டையும் ருசி பார்த்தாள். தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தாள். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு என்று சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

மறுநாள் காலையில் சம்பந்தி குளிக்கப் போனார். நான் பிரிட்ஜைத் திறந்து இரண்டு மூடியையும் மாற்றிவிட்டேன். இப்போது நீல மூடிக்குள் இருப்பது என்னுடையது. தன்னுடையது என்று நினைத்து அவர் அதைத்தான் எடுப்பார். என்னுடையது என்று தெரியாமல் ருசிப்பார். தெரியாமல் சொல்வார். எவ்வளவு சுலபம் பாருங்கள். அன்று பகல் முழுவதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருக்கும் என்னவோ, சும்மா இருக்கவில்லை. மத்தியானம் பால் தீர்ந்துபோச்சு அண்ணாச்சி, போய் வாங்கிட்டு வாங்க என்று என்னைக் கீழே அனுப்பினார். வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் பிரிட்ஜில் முழுப் பாக்கெட் பால் இருக்கிறது. வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி தோசை. கோமதி வார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நீல மூடியைத் திறந்தார். நல்லெண்ணெய் விடுகிற மாதிரி தாராளமாகத் தோசையில் தடவினார். ஒரு விள்ளல் வாயில் போட்டார். கண்ணை மூடினார். மென்றார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏறெடுத்தால் சிரித்துவிடுவேன்.

"இதுல்லா கடலை," என்றார். "எம்மா, இன்னொரு தோசை போடு."

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. புரை ஏறினது என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் என் தலையில் தட்டினார். அதோடு விடவில்லை. சிவப்பு மூடிப் பாட்டிலைத் தன் கையாலேயே திறந்தார். மூடி கோணலாக ஏறியிருந்தது, இழுத்துத் திறக்க வேண்டியிருந்தது. கரண்டி நிறைய எடுத்து என் தட்டில் போட்டார். நல்லாப் போட்டுக்கிடுங்க அண்ணாச்சி, உங்களதுதான, என்றார். எப்படி இருக்கு, எப்படி இருக்கு என்று இரண்டு தடவை கேட்டார். என் கணக்கில் அது அவருடைய சரக்கு. சபதத்தை மீறித்தான் தின்னவேண்டும், இல்லையென்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். தின்றேன். உள்ளதைச் சொன்னால், நன்றாகத்தான் இருந்தது. இந்தக் கிழவனுக்கு இவ்வளவு வருகிறதே என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். வெளியே, "இதுக்கு மேல ஒண்ணு இல்லைங்க சம்பந்தி," என்றேன்.

அவர் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். எழுந்து கை கழுவப் போகும்போது என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். அவ்வளவு நாளில் அதுதான் முதல் தடவை. பாவம், ஏமாந்தது தெரியாமல் தோளில் கை போடுகிறார் என்று நினைத்தேன். அன்று ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்து பழைய படம் ஒன்று பார்த்தோம். சண்டை இல்லை. கோமதி வந்து, ரெண்டு பேருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்லையே என்று கேட்டுவிட்டுப் போனாள்.

உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருந்தது. அவர் ஊரில் வீட்டு வரி கட்டவேண்டும், பத்து நாளில் வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார். ஸ்டேஷனில் சொல்லலாம், வண்டி நகரும்போது சொல்லலாம், பதில் பேச முடியாமல் போகட்டும் என்று திட்டம் வைத்திருந்தேன். புதிதாக ஆட்டினதில் ஒரு பாட்டில் கையில் கொடுத்ததும் அதற்குத்தான். அவர் முந்திக்கொண்டார். எறும்புகூட வராது.

சாவுக்குப் போனபோது அந்தப் பாட்டிலைத் தேடினேன். தப்பாக நினைக்காதீர்கள், எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள், நானும் அழுதுவிட்டுத்தான் தேடினேன். அடுப்படியில் இல்லை, பிரிட்ஜில் இல்லை. அடுத்த வீட்டுக்குக் கொடுத்துத் தொலைத்திருப்பார். அவர் குணம் அப்படி.

ஆக, நாளைக்கு நான் சொல்லப்போவது இதுதான். கோமதி, உன் அப்பா இதுல்லா கடலை என்று சொன்னாரே, அது என்னுடையது. எது உசத்தி என்று நீ கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. அவர் வாயாலேயே வந்துவிட்டது.

ஏன் சிரிக்கிறீர்கள்?

இல்லை, சொல்லுங்கள். மதுரை தாண்டியும் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டு வந்தீர்கள், இப்போது சிரித்தால் என்ன அர்த்தம்?

என்ன கேட்டீர்கள்? எதற்கு என் சரக்கை எடுத்து என் தட்டிலேயே அவர் போட்டார் என்றா? மரியாதைக்குத்தான். எப்படி இருக்கு என்று எதற்குக் கேட்டார் என்றா? கேட்டார். மனிதர் கேட்கமாட்டாரா? என் சரக்கு எப்படி இருக்கிறது என்று என்னிடமே எதற்கு...

கொஞ்சம் இருங்கள்.

அந்தப் பால் பாக்கெட்.

சிவப்பு மூடி கோணலாக இருந்தது. நான் மாற்றும்போது அவசரத்தில் அப்படி ஏற்றிவிட்டேன் என்று இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆயுள் முழுக்க நட்டு முறுக்கின கை இது. நான் ஒரு மூடியைக் கோணலாக ஏற்றுவேனா? அவர்தான் எதையும் நேராக மூடத் தெரியாதவர். ஹார்லிக்ஸ் பாட்டில் முழுவதும் எறும்பு ஏறினது அவரால்தான்.

பாருங்கள் தம்பி அந்த ஆளை. பாருங்கள். என்னைக் கீழே அனுப்பிவிட்டு மூடியை மாற்றியிருக்கிறார். ரிட்டயரான அரசாங்க ஊழியர், மகள் வீட்டில் இருந்துகொண்டு, இப்படி ஒரு திருட்டு வேலை. நான் மாற்றினது வேறு. எனக்கு ஒரு நியாயம் இருந்தது. அவருக்கு என்ன வந்தது? என் வாயிலிருந்து தன்னுடையதை நன்றாக இருக்கிறது என்று சொல்ல வைக்கவா? அதற்காகவா? எதற்கு அவருக்கு என் வாய்? நான் யார்? கடலையைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று தினம் சொன்ன ஆள்.

இருங்கள், நிதானமாகப் பார்க்கலாம். காலையில் நான் மாற்றினேன். மத்தியானம் அவர் மாற்றினார். அப்படியென்றால் மூடிகள் பழையபடி அதனதன் பாட்டிலுக்கே போய்விட்டன. ராத்திரி அவர் தின்றது அவருடையது. நான் தின்றது என்னுடையது. ஆக, இதுல்லா கடலை என்று அவர் சொன்னது...

போயிற்று. நான் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். மூடியை மாற்றிவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நீல மூடிக்குள் என் சரக்கு இருக்கிறது என்றுதானே நினைத்துச் சாப்பிட்டிருப்பார்? என்னுடையது என்று நினைத்துக்கொண்டுதானே கண்ணை மூடினார்? நடிப்புக்கு ஒரு தோசை போதும். இரண்டாவது தோசை எதற்குக் கேட்டார்? அப்படியானால் அந்த வார்த்தை யாருக்கு? நாக்குக்குத் தெரிந்தது அவருடைய சரக்கு, மனசுக்குத் தெரிந்தது என்னுடையது. இதை யாரிடம் போய்த் தீர்ப்புக் கேட்பது? உங்களுக்கும் தெரியவில்லை பார்த்தீர்களா?

நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். அவருடையது என்று நினைத்து என்னுடையதைத் தின்றுவிட்டு, கிழவனுக்கு இவ்வளவு வருகிறதே என்று மெச்சிக்கொண்டேன். அப்படியென்றால் அவர் செய்ததை நான் ருசி பார்க்கவே இல்லை. அந்தத் துவையலைக்கூடத் தொடவில்லை.

சாத்தூர் வந்துவிட்டதா? வெள்ளரிப் பிஞ்சு வருகிறது பாருங்கள். கூப்பிடுங்கள். ஏம்மா, இங்கே ஒரு கூறு கொடு. மிளகாய்ப்பொடி போடாதே, சும்மா கீறிக் கொடு, போதும்.

அந்தப் பையை எடுங்கள். பயப்படாதீர்கள், சாயலாம். அடியில் துண்டு சுற்றி இன்னொரு பாட்டில் இருக்கும். அது அவர் செய்தது. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் ஆட்டினது. பிரிட்ஜ் கதவிலேயே இருந்தது. கோமதி போன் பண்ணி, மாமா, அப்பா செஞ்சது இருக்கும், படைக்க எடுத்துட்டு வாங்க என்றாள். எடுத்து வந்துவிட்டேன். ஆனால் வீட்டு வாசலில் வைத்து மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். இலையில் இடம் ஒன்றுதானே இருக்கும்.

படைப்பதற்கு முன்னால் எடுத்துத் தின்னக்கூடாது என்பார்கள். எனக்கும் தெரியும். நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள். நீங்கள் நாகர்கோவிலில் இறங்கப்போகிறீர்கள், நான் கோவில்பட்டியில் இறங்கிவிடுவேன், யாருக்குத் தெரியப்போகிறது.

திறக்க வரவில்லை பார்த்தீர்களா, இதையும் கோணலாகத்தான் மூடியிருக்கிறார். கொடுங்கள் இங்கே. ம். எண்ணெய் மேலே நின்றிருக்கிறது, கலக்க வேண்டும். இந்த வெள்ளரிப் பிஞ்சாலேயே கலக்குகிறேன். முதலில் நான். நீங்கள் அப்புறம்.

உப்பு ஒரு கல் கூட. மிளகை ஒன்றிரண்டாகத்தான் உடைத்திருக்கிறார், நான் நைசாக இடிப்பேன். கறிவேப்பிலையைக் கருகவிடவில்லை. அது எனக்கு வராது. எப்போதும் ஒரு பொட்டுக் கருக்கிவிடுவேன். அடுப்படியில் நின்றுகொண்டு, இறக்குங்க அண்ணாச்சி, இறக்குங்க என்று கத்துவாரே, அதற்குத்தான்போல.

"சம்பந்தி, நல்லாருக்குதுங்க."

என்ன பார்க்கிறீர்கள்? உங்களைச் சொல்லவில்லை.

நாளைக்கு நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை தம்பி. சொல்ல என்ன இருக்கிறது? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். ஒரே பச்சை. எது யாருடையது என்று அவரே கண்டுபிடிக்கட்டும். நாக்கு நாக்கு என்று பீற்றிக்கொண்டாரே, பார்க்கலாம்.

எடுத்துக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள். வெள்ளரியோடு இன்னும் நன்றாக இருக்கிறது, இல்லையா? இதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. இன்னொரு துண்டு. எனக்கும் ஒன்று கொடுங்கள். அட, நீங்கள் ஆழமாக அள்ளுகிறீர்கள். போதும், போதும், மூடுங்கள். இலைக்கு வேண்டும்.

அடியில் ஒரு கரண்டிதான் இருக்கிறது.